பறவை பார்க்கப் போய்ப் படித்த வரலாறு

மாணவர்களோடு விடியுமுன் ஹோட்டன் சமவெளிக்குப் போனோம். மூடுபனிக்குள் ஓடையருகே ஒரு சீட்டிச் சத்தம்; கருநீலப் பறவையொன்று தெரிந்து மறைந்தது. நம் நாட்டில் மட்டுமே வாழும் இனம். 1872இல் அதற்கு பிளை என்ற கோப்பித் தோட்டக்காரரின் பெயரை வைத்தார்கள். மலைக்காடுகளைப் பெருமளவு அழித்ததும் அதே கோப்பிதான்! 1869இல் வந்த இலைத்துரு நோயால் கோப்பி போனது, தேயிலை வந்தது, காடு திரும்பவில்லை.

மறுநாள் வெயில் கொளுத்தும் புந்தல. 1990இல் நாட்டின் முதலாவது ராம்சார் ஈரநிலமானது. பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்த களப்பு. லுணுகம்வெஹெர நீர்ப்பாசனத் திட்டத்தின் பின் வயல்நீர் வடிந்து களப்பின் உப்புக் குறைந்தது, பூநாரைகளும் குறைந்தன.

கோப்பி வெள்ளைக்காரனுடையது. வயல் நம்முடையது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போம்.