டிராயிங் மாஸ்டரும் டிரில் மாஸ்டரும்

"உங்க காலத்து நினைவுகளை ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க சார்" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள. பெரியமேட்டுச் சிவப்புக் கட்டடம், மரத்தடி ஸ்கெட்ச், மெஸ் பாக்கி எல்லாவற்றையும் மற்ற நண்பர்கள் என்னைவிட நன்றாக எழுதிவிடுவார்கள். அதனால் நான் கொஞ்சம் வரலாறு சொல்லலாம் என்றிருக்கிறேன். நம் கல்லூரி வரலாற்றோடு, சென்னையிலேயே இருக்கும் இன்னொரு கல்லூரியின் வரலாறும் இதில் வரும். ஏன் இரண்டையும் சேர்க்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் நம் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் சென்னையில் சொந்த முயற்சியில் ஒரு ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இரண்டே ஆண்டில் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. கல்கத்தா ஓவியப் பள்ளி 1854-ல்தான் வந்தது, பம்பாய் ஜே.ஜே. பள்ளி 1857-ல். ஆக, நாம்தான் மூத்த பிள்ளை! ஆரம்பித்தவர் ஒரு டாக்டர் என்பதைக் கவனியுங்கள். உடம்பைப் படித்தவர் ஓவியத்துக்குப் பள்ளி வைத்தார்.

அன்றைய நோக்கம் பெரிய ஓவியர்களை உருவாக்குவது அல்ல. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, அச்சுக்குச் செதுக்குவது போன்ற தொழில்களுக்குக் கை தேர்ந்த ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான். பின்னால் இங்கே சூப்பரின்டெண்டாக இருந்த சிஸம் கட்டடக் கலைஞர். ஹேவல் நம் நாட்டுக் கைவினைக்கும் மரபுக் கலைக்கும் வாதாடியவர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்து பார்த்ததும் நம் பட்டறையில்தான். இன்று வீட்டுக்கு வீடு இருக்கிற அலுமினியச் சட்டிக்கும் நம் கல்லூரிக்கும் உறவு உண்டு என்றால் பேரன் பேத்திகள் நம்பமாட்டேன் என்கிறார்கள்!

இனி அடுத்த கல்லூரி. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்தவர். 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தாரே, அதே பள்ளி. பக் 1919-ல் இந்தியா வந்தார். 1920-ல் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். ஆசியாவிலேயே முதலாவது என்று அந்தக் கல்லூரியார் பெருமையாகச் சொல்வார்கள்.

1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணியோடு பக் மேனேஜராகச் சென்றார். விளையாட்டு விதிகளையெல்லாம் தொகுத்து அவர் போட்ட புத்தகம் அந்தக் காலத்து டிரில் மாஸ்டர்களுக்கு வேதம் மாதிரி. 1940-ல் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். 1943-ல் பக் காலமானார்.

அந்தக் கல்லூரி எனக்கு எப்படிப் பழக்கம் என்றால், சைதாப்பேட்டையில் என்னோடு ஒரே ரூமில் தங்கியிருந்த நண்பன் அங்கே படித்தான். நான் பெரியமேட்டுக்குப் பஸ் ஏறுவேன், அவன் நந்தனத்துக்கு நடந்தே போய்விடுவான். "நீ உக்காந்து பொம்மை போடுற, நான் ஓடி வேர்க்கிறேன். பசி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு" என்று கிண்டல் பண்ணுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனேன். ஓட்டப்பந்தயத் தடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் டேப்பு, கயிறு, முளைக்குச்சி, கூடை நிறையச் சுண்ணாம்புத் தூள். "வட்டம் போட உங்களுக்கு காம்பஸ் குடுப்பாங்க. எங்களுக்கு முளைக்குச்சிதான்டா காம்பஸ்" என்றான். நின்று பார்த்த பிறகுதான் அதில் எவ்வளவு கணக்கு என்று புரிந்தது.

இன்றைய விதிப்படி 400 மீட்டர் தடத்தைச் சொல்கிறேன். நேர்க்கோடு ஒவ்வொரு பக்கமும் 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50 மீட்டர். ஆனால் ஓடுகிறவன் விளிம்பை ஒட்டியே ஓட முடியாது, 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவான் என்று வைத்துக் கணக்குப் போட்டால்தான் சரியாக 400 வரும். இரண்டாவது பாதைக்காரன் வெளிவட்டத்தில் ஓடுவதால் அவனை 7.04 மீட்டர் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு சாண் தப்பினாலும் ஒரு பையனுக்கு அநியாயம். "இது டிராயிங்தானேப்பா, தரையில போடுறீங்க" என்று கேட்டேன். "பின்னே?" என்றான்.

ராத்திரி ரூமில் இன்னொரு வேடிக்கை. எனக்கு மனித உருவம் வரைய எலும்பும் தசையும் தெரிய வேண்டும். அவனுக்கும் உடற்கூறு, உடலியங்கியல், முதலுதவி, காயத்துக்குக் கட்டுப் போடுவது என்று பாடம். இருவருக்கும் பாடம் ஒரே எலும்புக்கூடு! அவன் தசையின் பேரைச் சொல்ல, நான் வரைந்து காட்ட, இரண்டு பேரும் பாஸ் பண்ணினோம்.

இந்த இரண்டு படிப்பும் ஒரே ஆளிடம் கூடியிருந்ததும் நம் கல்லூரியில்தான். தேவி பிரசாத் ராய் சௌத்ரி நம் கல்லூரிக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர். 1957 வரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார். சிற்பி, ஓவியர், புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்காரர். அதோடு மல்யுத்தமும் பழகியவர்! மெரினாவில் 1959-ல் வைத்த அவருடைய உழைப்பாளர் சிலையை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். நாலு பேர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். முதுகு எங்கே வளைகிறது, தொடை எங்கே இறுகுகிறது, குதிகால் தரையை எப்படி அழுத்துகிறது, எதுவும் பொய்யில்லை. பாரம் தூக்கித் தெரிந்த உடம்புதான் அந்தச் சிலையைச் செய்திருக்கிறது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் வேறு வழி போனார். ஆனால் 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அவரும் மாணவர்களும் உருவாக்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் பிழைப்புக்கு வழி பண்ணினார்கள். கைத்தொழில் சோறு போட்டது, ஓவியம் வளர்ந்தது.

படிப்பு முடிந்து என் நண்பனும் நானும் வேலைக்குப் போனோம். தற்செயலாக ஒரே பள்ளியில் சில ஆண்டுகள் சேர்ந்திருந்தோம். அங்கேதான் எங்கள் இருவரின் விலை தெரிந்தது. பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் வருவார். "சார், உங்க பீரியடைக் கொஞ்சம் குடுங்க, போர்ஷன் முடியல." அவனிடமும் அதே வசனம். எங்கள் பாடத்துக்கு மார்க் கிடையாதே! கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான்.

ஒருநாள் கபடியில் ஒன்பதாம் வகுப்புப் பையன் விழுந்து தோள் நழுவிவிட்டது. கூடி நின்ற பெரியவர்கள் "இழுத்து விட்டா உக்காந்துடும்" என்று கையைப் பிடிக்கப் போனார்கள். நண்பன் பாய்ந்து வந்து, "யாரும் தொடாதீங்க!" என்று சத்தம் போட்டான். துண்டைக் கிழித்துத் தூளி கட்டி, கையை அசையாமல் மார்போடு சேர்த்து, பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். "நல்லவேளை, யாரும் இழுக்கலை. நரம்பு போயிருக்கும்" என்றாராம் டாக்டர். பையன் கை பிழைத்தது. அடுத்த வாரம் கணக்கு வாத்தியார் வழக்கம்போல பீரியட் கேட்டு வந்தார்!

இதில் யாரையும் குறை சொல்லி எழுதவில்லை. நம் படிப்பைப் படிப்பாக மதிக்கவே நாடு ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. உடற்கல்விக்கு மூன்றாண்டு இளநிலைப் பட்டம் 1957-ல் குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரி தொடங்கிய பிறகுதான் நாட்டில் வந்தது. நம் காலத்தில் இங்கே டிப்ளமோதான். பிறகு பி.எஃப்.ஏ. பட்டம் வந்தது. இன்று நாலு ஆண்டுப் படிப்பு. ஓவியம், சிற்பம், சுடுமண், துணி வடிவமைப்பு, அச்சுக்கலை, விஷுவல் கம்யூனிகேஷன் என்று துறைகள். உடற்கல்விக்கும் விளையாட்டுக்கும் 2005 முதல் தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகம். இசைக்கும் கவின்கலைக்கும் 2013-ல் ஒன்று. இவ்வளவு வந்துவிட்டது, சந்தோஷம்தான்.

ஆனால் பள்ளிக்கூட வாசலில் நிலைமை என்ன? 2012-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலிய பாடங்களுக்காக 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள். வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பின்னால் தொகை கூடியது. ஆனால் நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை வீதியில் உட்கார்ந்தார்கள் என்பது பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஓவியப் படிப்பு படித்த நம் தம்பி தங்கைகள்தான் அவர்கள்.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளில் பேர் பெற்ற ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் பொன்னாடை போர்த்துகிறோம். போர்த்த வேண்டியதுதான். அதோடு, பள்ளியில் டிராயிங் மாஸ்டராகவே இருந்து ஓய்வு பெற்றவர்களையும், பகுதிநேரமாக இருப்பவர்களையும் மேடைக்கு அழையுங்கள். அவர்கள் எந்தப் பள்ளியில் எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று ஒரு பதிவேடு போடுங்கள். நந்தனத்துக்காரர்களையும் விருந்தினராகக் கூப்பிடுங்கள். எலும்புக்கூடு விஷயத்தில் அவர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள்!

என் நண்பன் இப்போது இல்லை. அவன் தூளி கட்டிவிட்ட அந்தப் பையன் இன்று லாரி ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, அந்தக் கையாலேயே கும்பிட்டு, "பி.டி. சார் எப்படி இருக்காரு?" என்று கேட்பான். போன தடவை விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் தோளைத் தடவிக்கொண்டே நின்றான்.

வாழ்க நம் கல்லூரி!