பவானி ஜமக்காளம்: தறியில் உருவாவது எப்படி? போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

அருப்புக்கோட்டை, எம்.ரெட்டியபட்டி பக்கம் கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், ஆள் வந்ததும் முதலில் கேட்கும் குரல், "அந்த ஜமக்காளத்தை எடுத்து விரிங்கப்பா" என்பதுதான். அதில் ஊர்ப்பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது பவானி ஜமக்காளம். ஆனால் அந்தப் பெயரில் கடையில் கிடைப்பதெல்லாம் பவானியில் நெய்ததா?

எங்கிருந்து வந்தது?

ஈரோடு மாவட்டத்தில், காவிரியும் பவானியும் கூடும் ஊர் பவானி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து ஆலைத் துணிகள் சந்தையில் குவிந்தன. அதைச் சமாளிக்க இங்குள்ள ஜங்கமர் நெசவாளர்கள் கையில் எடுத்ததுதான் தடிமனான வண்ண நூலில் நெய்யும் ஜமக்காளம் என்று சொல்லப்படுகிறது.

எப்படி நெய்கிறார்கள்?

தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி உட்கார்ந்து நெய்யும் குழித்தறி இது. நீளவாக்கில் ஓடுவது பாவு நூல், குறுக்கே போவது ஊடை நூல். தடித்த ஊடையை நெருக்கி அடிக்க அடிக்க, பாவு உள்ளே மறைந்துவிடும். ஊடையின் நிறத்தை மாற்றினால் அடுத்த பட்டை ஆரம்பம். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் 2 பேர் உட்கார வேண்டும். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்புவார்.

பந்தியில் உட்கார நீளமாக நெய்வது பந்தி ஜமக்காளம். செயற்கைப் பட்டு நூலில் கரையோரம் பூ வேலை செய்ததும் உண்டு.

திபெத் கம்பளத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1959-க்குப் பிறகு இந்தியா வந்த திபெத்திய அகதிகள் டார்ஜிலிங் போன்ற இடங்களில் கம்பளம் நெய்கிறார்கள். அது ஆட்டு ரோமம். பாவின் குறுக்கே ஒரு கம்பியை வைத்து, அதன்மேல் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். வரிசை முடிந்ததும் கத்தியால் அறுத்தால் மேலே புசுபுசுவென்று நிற்கும். ஜமக்காளத்தில் முடிச்சே கிடையாது. பருத்தி நூல், தட்டையான நெசவு. அதனால்தான் சுருட்டித் தோளில் போட்டுப் போக முடிகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே 2 பாதுகாப்பு இருக்கிறது. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒன்று, 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு. இது பெயருக்கான பாதுகாப்பு. வேறு ஊரில் நெய்ததை 'பவானி ஜமக்காளம்' என்று விற்கக் கூடாது.

இன்னொன்று, 1985-ம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம். இது தறிக்கான பாதுகாப்பு. கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்கிய 11 ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. அதை விசைத்தறியில் நெய்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1985-ல் அந்தச் சட்டம் வகுத்தது.

அப்படியும் விசைத்தறி விரிப்புகள் இதே பெயரில் குறைந்த விலைக்கு வருகின்றன. கையால் அடித்து நெய்பவரால் அந்த விலைக்குக் கொடுக்க முடியாது. கூலி கட்டாத தறியில் பிள்ளைகளும் உட்காருவதில்லை.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்தது இது.
* நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பில்லோடு வாங்குங்கள்.
* பருத்தி என்று சொன்னால், ஓரத்தில் பிரிந்த நூலைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி உருண்டையாகும்.

இது பவானிக்கு மட்டுமான விஷயம் இல்லை. சேலையும் அந்த 11 ரகப் பட்டியலில் இருக்கிறது. அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கும் இதே சட்டம்தான் துணை.