தெண்ணீரும் உண்ணீரும்: ஓரியைப் பாடிய பாட்டொன்றும் கொல்லிமலை நீரும்

கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய பாட்டு, புறநானூற்றில் 204 ஆம் பாட்டாக அமைந்துள்ளது. பாடாண் திணையில் பரிசில் துறையைச் சார்ந்தது அது. இரத்தல் இழிவு, ஈயேன் என்றல் அதனினும் இழிவு என்னும் அதன் முற்பகுதியையே மேடையிலும் பாடநூலிலும் பலர் எடுத்தாள்வர். அதனையடுத்து வரும் நீர்ச்செய்தியை, உவமை என்ற அளவில் சுட்டிவிட்டுக் கடந்து செல்வதே வழக்கம். நீரின் தரத்தைத் தமிழர் எவ்வாறு மதிப்பிட்டனர் என்பதற்குரிய பழஞ்சான்றுகளுள் அச்செய்தியும் ஒன்று என்பது எம் கருத்தாகும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

புலவர் கூறும் பொருள் இது: தெளிந்த நீர் பரந்த பெருங்கடல் கண்முன் கிடப்பினும், நீர்வேட்கை உடையார் அதனை உண்ணார். ஆவும் விலங்கும் புகுந்து உண்டமையாற் கலங்கிச் சேறுபட்டதாயினும், சிறிய நீர்நிலை ஒன்று உண்ணத்தக்க நீரைக் கொண்டிருப்பின், அதனை நாடிச் செல்லும் வழிகள் பலவாகும். பாட்டின் இறுதியில் ஓரி மழைக்கு ஒப்பிடப்பெறுகின்றான். எனவே கடல், கலங்கிய சிறுகுளம், மழை என மூவகை நீர் இப்பாட்டில் உள. கடல்நீரைத் ‘தெண்ணீர்’ எனவும், குளத்து நீரை ‘உண்ணீர்’ எனவும் புலவர் பெயரிட்டுரைத்தமை நோக்கத்தக்கது. தெளிவு வேறு, உண்ணப்படுந்தன்மை வேறு என்னும் பாகுபாடு இச்சொற்களிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

சேற்றுநீரைப் புலவர் உயர்த்திக் கூறியது ஈவோனது பெருமையைக் காட்டுதற்கேயன்றி நீரின் இயல்பைக் கூறுதற்கன்று எனின், அது மெய்யே. எனினும், கேட்போர் ஒப்புக்கொள்ளாத ஒன்றனை உவமையாக்கிப் பரிசில் வேண்டும் புலவர் எவரும் இலர். கண்ணுக்குத் தெளிந்த நீர் நாவிற்கு உதவாமற் போகலாம் என்பது அவையறிந்த செய்தியாக இருந்தமையாலேயே உவமை நிற்கின்றது.

கலங்கலை அக்காலத்தார் ஏன் பொருட்படுத்தவில்லை? இதற்கு விடை கலித்தொகையில் உளது. கலங்கிய நீரைத் தேற்றாவின் விதையால் தெளிவித்தலை அந்நூலின் 142 ஆம் பாட்டு உவமையாக்குகின்றது. ‘இல்லம்’ என்று அம்மரம் அதில் வழங்கப்பெறும். விதையை உரைத்துக் கரைத்தால் மிதக்கும் மண்துகள்கள் ஒன்றுதிரண்டு கீழே படியும்; இன்றும் ஊர்ப்புறங்களில் தேற்றாங்கொட்டையின் பயன் அறிந்தோர் உளர். ஆகவே கலங்கல் நீக்கக்கூடிய குற்றம். உவரோ நீரிற் கரைந்து நிற்பது. விதைக்கும் துணிக்கும் அது அகப்படாது. கழைதின் யானையார் ஒப்பிடுவன நீங்குங் குற்றமும் நீங்காக் குற்றமுமே என்று கொண்டால் பாட்டு மேலும் ஒளிபெறும். ஐங்குறுநூற்று 203 ஆம் பாட்டில், தலைவன் நாட்டில் மான் உண்டு எஞ்சிய கலங்கல்நீரைத் தன் மனையிடத்துத் தேன்கலந்த பாலினும் இனியது என்று கபிலரின் தலைவி கூறுதலையும் உடன்வைத்து நோக்குக. காதல் மிகுதி அது என்பதில் ஐயமில்லை. எனினும் அது குறிஞ்சி நிலத்து நீர் என்பதை மறத்தலாகாது.

உண்ணுதற்காகாத நீரும் வேறொன்றற்கு ஆகும் என்பதைப் புறநானூற்று 311 ஆம் பாட்டால் அறிகின்றோம். களர்நிலத்திற் கிணறு தோண்டி ஆடை வெளுக்கும் பெண்ணை அதில் ஔவையார் காட்டுகின்றார். ஆடை வெண்மை பெறுதற்குக் களர்நிலத்தைத் தேர்ந்தது ஏன்? களர்மண்ணில் சோடியக் கார்பனேட்டு மிக்கிருப்பதுண்டு. அது நீரிலுள்ள சுண்ணச்சத்தை வீழ்படிவாக்கி நீக்கி, அழுக்கையும் கரைக்கும். வண்ணார் உவர்மண்ணைத் தொழிற்குக் கொண்டமையும் இதுபற்றியே. வேதிநூல் சொல்லும் காரணத்தை அவர் அறிந்திலர், விளைவை அறிந்திருந்தனர்.

கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் மிகுதியாகக் கரைந்த நீரைக் கடின நீர் என்றும், குறைந்ததை மென்னீர் என்றும் இக்கால நூல்கள் கூறும். கடின நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது, பருப்பு வேகாது, கலத்தின் அடியில் வெண்படலம் படியும். 2012 ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலை, கால்சியம் கார்பனேட்டு அளவில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை பொறுக்கத்தக்கது என்றும் வகுத்துள்ளது. கடல்நீரின் கடினம் 6,000-க்கும் மேற்படும். மழைநீரில் கடினம் இல்லை என்றே சொல்லலாம். புலவர் பாட்டை எங்குத் தொடங்கி எங்கு முடித்தார் என்பதை இவ்வளவுகளோடு ஒப்பிட்டுக் காண்க.

இனிக் கொல்லிமலைக்கு வருவோம். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்திற்குரிய பதிகம், பெருஞ்சேரல் இரும்பொறை அதிகமானையும் இருபெரு வேந்தரையும் வென்ற இடத்தைக் கூறுமிடத்து, கொல்லிக் கூற்றத்து மலையுச்சியை நீர்மிக்கதாகச் சிறப்பிக்கின்றது. அது வெறும் புனைந்துரை அன்று. மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்னும் வன்பாறையால் ஆயது. (இப்பெயர் கல்கத்தாவிலுள்ள யோபு சார்னாக்கின் கல்லறைக் கல்லைக்கொண்டு 1893-இல் ஹாலந்து என்னும் நிலநூலார் இட்டது. அக்கல்லோ சென்னைப் பக்கத்துப் பல்லாவரப் பகுதியிலிருந்து சென்றது என்பர். தமிழ்நாட்டுக் கல் வங்கம் சென்று ஆங்கிலப் பெயரோடு மீண்டது!) மலையின் மேற்பரப்பில் பாக்சைட்டு காணப்படும். நெடுங்கால மழை, பாறையிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் மணற்சத்தும் கரைத்துச் சென்றபின் எஞ்சுவதே பாக்சைட்டு. கடினத்தை விளைக்கும் பொருள்கள் முன்னரே கழுவுண்ட நிலத்தில் ஊறும் நீர் மென்னீராதல் இயல்பேயாம். அறப்பள்ளிக் கோயிலை ஒட்டி ஓடி, ஆகாயகங்கை அருவியாய் வீழும் ஐயாறு இத்தகைய நிலத்திற் பிறப்பது.

அடிவாரச் சமவெளியின் நிலை வேறு. மழை குறைந்து வெயில் மிகுந்த அந்நிலத்தில், பாறை சிதைந்து விடும் சுண்ணம் கழுவப்படாமல் மண்ணிலேயே சுக்கான்கல்லாகத் தங்குகின்றது. அதனூடே ஊறும் கிணற்றுநீர் பளிங்குபோல் தெளிந்திருந்தும் கடினமாகின்றது. மலைமேல் கலங்கியது உண்ணீர். கீழே தெளிந்தது ஐயத்திற்குரியது. கழைதின் யானையார் கொல்லியில் நின்றே இதனைப் பாடினார் என்று துணிதற்குப் பாட்டில் அகச்சான்று இல்லை. நீர்நிலை மலைச்சுனை என்றும் அவர் கூறினாரல்லர். எனினும் ஓரியின் அவையில் இவ்வுவமைக்கு விளக்கம் தேவைப்பட்டிராது எனல் மிகையாகாது.

இப்பாகுபாட்டை மறந்தமையின் கேடு, அதிகமான் ஆண்ட தகடூராகிய தருமபுரிப் பகுதியிற் புலனாயிற்று. ஆழ்கிணற்று நீரிற் புளோரைடு மிக்கு, சிறார் பற்கள் கறைபடவும் முதியோர் எலும்புகள் கெடவும் நேர்ந்தது. கொதிக்கவைத்தாலும் அது போகாது; நிறமும் மணமும் இன்மையால் கண்ணும் மூக்கும் அதனை அறியா. அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2008-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மறுதலையாக, ஆவும் மாவும் கலக்கிய நீரை இன்று எவரும் உண்ணுமாறு கூறார். கண்ணிற்படா நோய்க்கிருமிகளைப் புலவர் அறியார். மலைநீர் மென்மையது என்பதனாலேயே தூயது ஆகிவிடாது. உண்ணீர் என்னும் சொல்லின் எல்லை இங்ஙனம் காலந்தோறும் சுருங்கியே வந்துள்ளது.

ஐயாறு கிழக்கே இறங்கி முசிறிக்கு அருகே காவிரியிற் கலக்கின்றது. நாமக்கல்லுக்குக் குழாய்வழி வரும் காவிரிநீர் அதற்கு மேற்பகுதியில் எடுக்கப்படுவது, குடகில் பிறந்தது. கொல்லியை நாளும் கண்முன் காணும் அந்நகரத்தார், அதன் அருவிநீரைக் குழாயிற் பெறுவதில்லை. குழாய்நீர் வாராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுநீரையே அடுப்பிலேற்றுகின்றனர். கலத்தடியிற் படியும் வெண்படலத்தைப் புளிகொண்டு தேய்க்கின்றனர்.