மரம் வளைத்த முதுகு

ஜொகூர் மாநிலத்துக் குளுவாங் நகரிலிருந்து கிழக்கே மெர்சிங் கடற்கரையை நோக்கிச் செல்லும் சாலையில், எண்டாவ்-ரொம்பின் வனத்துக்கு வாயிலாக அமைந்த காஹாங்கைச் சுற்றி இன்று செம்பனையே ஆட்சி செலுத்துகிறது. எனினும், 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயில் பாதை முற்றுப்பெற்றதும் குளுவாங் வட்டாரத்துக் காடுகளை அழித்து முதலில் பரப்பப்பட்டது ரப்பர்தான். 1938இல் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகளின் பிரயாணத்தைத் தடுக்கும்வரை கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் திரட்டிக் கப்பலேற்றிய ஜனங்களின் தேகம், தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தின் கட்டளைக்கே வளைந்து கொடுத்தது.

கட்டளை என்று சொன்னது அலங்காரத்துக்காக அன்று. பால்மரமாகிய ரப்பரில் வெட்டு முதலில் நெஞ்சளவு உயரத்தில் தொடங்கும்; உளி ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்க எடுக்க, வெட்டுவாய் மாதந்தோறும் இரண்டொரு சென்டிமீட்டர் இறங்கிக்கொண்டே வந்து, சில ஆண்டுகளில் முழங்காலையும் கடந்து அடிமரத்தை எட்டிவிடும். ஆகவே நிமிர்ந்து வெட்டத் தொடங்கியவள் ஆண்டுக்காண்டு அதிகமாகக் குனிகிறாள். அதுவும் நேராகக் குனிதல் அன்று, சாய்ந்த வெட்டைத் தொடர்ந்து பாதி மரத்தைப் பிரதக்ஷிணம் செய்தபடியே இடுப்பைத் திருகிக் குனிதல். ஒருவர் வெட்டவேண்டிய நிரைக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம் என்றால் ஐந்நூறு முறை. பிற்பாடு மங்கு என்னும் கிண்ணங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, காண்டா என்னும் சுமைத்தடியின் இரு முனையிலும் மாட்டித் தோளில் சுமந்து, மேடும் பள்ளமுமான தடத்தில் ஸ்டோருக்கு நடக்கவேண்டும்.

இதில் ஒரு விசித்திரமான பொருத்தமும் உண்டு. இரவெல்லாம் நீரேறி விம்மிய பட்டை விடியற்காலையில்தான் பாலைத் தாராளமாகச் சொரியுமாதலால், இருட்டிலேயே பெரட்டு என்னும் ஆஜர் கணக்கெடுப்புக்கு நின்று, பொழுது புலருமுன் வெட்டத் தொடங்குவது தோட்டத்து நியதி. முதுகெலும்பின் கணுக்களுக்கிடையிலுள்ள மெத்தென்ற வட்டுகளும் அவ்விதமே, படுத்திருக்கும் இரவில் நீரை உறிஞ்சி விம்முகின்றன. ஆடம்ஸ், டோலன், ஹட்டன் என்ற மூவர் 1987இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மாலையைக் காட்டிலும் அதிகாலையில் குனியும்போது அந்த வட்டுகளின்மீது விழும் வளைவு அழுத்தம் ஏறத்தாழ 300 விழுக்காடு அதிகம். மரத்துக்கு உத்தமமான முகூர்த்தமே மனிதனின் இடுப்புக்கு அதமமான முகூர்த்தமாக வாய்த்தது.

ஸ்வீடன் தேசத்து வைத்தியர் நாக்கெம்ஸன், உயிருள்ள மனிதரின் வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தவர். நேராக நிற்கையில் அதை 100 என்று கொண்டால், முன்குனிகையில் 150 என்றும், 20 கிலோவைத் தாங்கிக் குனிகையில் 220 என்றும் அவர் கணித்தார். இடுப்புவலிக்கு ஏதோ ஒரு கோணலான ஸ்திதி மட்டுமே காரணம் என்று இன்றைய வைத்தியர்கள் சாதிப்பதில்லை. குனிதலும் திருகுதலும் சுமத்தலும் ஓய்வின்றிக் கூடுவதையே அவர்கள் பெரிதாக அஞ்சுகிறார்கள். தோட்டத்திலோ இம்மூன்றும் ஒரே காலைப்பொழுதில் கூடின. லயத்து வீடுகளில் வேப்பெண்ணெயும் தைலமும், இரட்டைப் பிள்ளையாய்ப் பிறந்தவர் கையால் சுளுக்கு வழித்தால் தீரும் என்ற நம்பிக்கையும்தான் அந்த வலிக்கு வைத்தியம். "நிமிர்ந்து நின்று வேலை செய்" என்று தோட்டத்து ஜனங்களுக்கு உபதேசம் செய்வது, என் அபிப்பிராயத்தில், வெட்டுவாய் எந்த உயரத்தில் இருக்கிறதென்று அறியாதவர் செய்யும் உபதேசம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குனிவு தொலையவில்லை, உருமாறிற்று. இளம்பனையில் பூக்குலை தரைக்கருகே, முள் அடர்ந்த மட்டைகளின் இடுக்கில் பிறக்கும். மகரந்தத் தூளை அதன்மேல் ஊதுவதற்கென்றே கூலிகள், பெரும்பாலும் பெண்கள், மட்டைகளுக்குள் குனிந்து நுழைந்தார்கள். அந்த வேலைக்கு முடிவு கட்டியது ஒரு சிறு வண்டு. காமெரூனிலிருந்து தருவிக்கப்பட்ட அது, பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையதின் ஆராய்ச்சியின் பயனாக, 1981 பிப்ரவரியில், காஹாங் அடங்கிய இதே குளுவாங் மாவட்டத்து மாமோர் தோட்டத்தில் முதன்முதலாக விடப்பட்டது. சொற்ப காலத்தில் மலாயாத் தீபகற்பம் முழுதும் பரவி, மகரந்தம் தூவும் ஊழியத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆனால் பூவெல்லாம் காயாகவே, குலையும் முன்னிலும் செறிந்து கனத்தது. பெண்களின் இடுப்பிலிருந்து இறங்கிய பாரம், குலையைத் தூக்கி வண்டியேற்றும் ஆண்களின் இடுப்பில் ஏறிற்று என்று சொல்வது மிகையாகாது.

பால்மரத்தில் வேலை ஆண்டுதோறும் கீழிறங்கியது; செம்பனையிலோ அது மேலேறுகிறது. மரம் வளர வளர, நீண்ட கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, கழுத்தைப் பின்னுக்கு மடக்கி அண்ணாந்து அறுக்கிறார்கள். விழுந்த குலையிலிருந்து சிதறிய பழங்களைப் பொறுக்க மறுபடியும் குனிகிறார்கள். மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய 'சந்தாஸ்' என்னும் விசை அரிவாள் இந்தச் சிரமத்தைச் சற்றே குறைத்தது. ஆயினும் மிக உயர்ந்த மரங்களை அது எட்டாது. தமிழர்களில் பெரும்பாலோர் தோட்டத்தைவிட்டுப் பட்டணம் போய்விட்டபடியால், இன்று அந்தக் கழியைப் பிடித்திருப்பவர் இந்தோனேசியரோ வங்காளதேசத்தவரோ ஆவர். ஏறக்குறைய 25 ஆண்டுகளில் கழியும் எட்டாத மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று நடுவார்கள். அது காய்க்கத் தொடங்கும் மூன்றாம் ஆண்டில் குலை மறுபடியும் முழங்கால் உயரத்தில் நிற்கும், அதை உளியால் குத்தியெடுக்கக் கழி பிடித்தவரும் குனிவார்.