அமானி என்னும் சொல்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் பழைய வருவாய் வரலாற்றைப் படிப்பவர்கள் ஒரு சொல்லை அடிக்கடி சந்திப்பார்கள். 'அமானி' என்பது அச்சொல். அமானி நிலம், அமானி நெல், அமானி முறை என்று அது பலவாறாக வரும். காதுக்குத் தமிழ்ச் சொல்லைப் போலவே ஒலிக்கிறது. ஆயினும் அது தமிழன்று. அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்தின் வழியாக நம் நாட்டுக் கச்சேரிகளுக்கு வந்து சேர்ந்த சொல் அது. நம்பி ஒப்படைத்தல் என்பது அதன் உட்பொருள். நம்பிக்கையின் பெயரைத் தாங்கிய அந்த ஏற்பாடு இந்நாட்டு உழவருக்கு எவ்வாறு பயன்பட்டது? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமானால், முதலில் அச்சொல் பிறந்த குடும்பத்தை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

தமிழில் ஒரு பகுதியின் பின்னால் விகுதிகளைச் சேர்த்துச் சொற்களை ஆக்குகிறோம். நம்பு என்பது பகுதி. நம்பினான், நம்பிக்கை, நம்பகம் என்பவை அதிலிருந்து விளைந்தவை. அரபு மொழியின் வழி வேறு. அங்கே வினைவேர்களுள் மிகப் பல மூன்று மெய்யெழுத்துக்களால் ஆனவை. அம்மூன்றும் வரிசை மாறாமல் நிற்க, இடையிலுள்ள உயிரொலிகள் மாறுவதாலும், முன்னும் பின்னும் சில எழுத்துக்கள் வந்து சேர்வதாலும் புதுப்புதுச் சொற்கள் தோன்றுகின்றன. இம்முறை நமக்கு முற்றிலும் புதுமையானதன்று. கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் ஆவதை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று நாம் இலக்கணத்தில் படிக்கிறோம். தமிழில் சிறுபான்மையாகக் காணப்படும் இவ்வியல்பு அரபியில் மொழி முழுவதையும் தாங்கும் சட்டகமாகவே வளர்ந்திருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். காஃப், தா, பா என்னும் மூன்றெழுத்துக்களாலான வேர் எழுதுதலைக் குறிப்பது. அதிலிருந்து பிறந்த கிதாப் என்பது நூல்; காத்திப் என்பவர் எழுதுபவர்; மக்தூப் என்பது எழுதப்பட்டது; மக்தப் என்பது எழுத்துப் பயிலும் இடம். நம் ஊர்ப் பள்ளிவாசல்களை ஒட்டிச் சிறுவர் சிறுமியர் ஓதக் கற்கும் பள்ளிக்கு இன்றும் மக்தப் என்றே பெயர்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். அமானியின் வேர் அலிஃப், மீம், நூன் என்னும் மூன்றெழுத்துக்கள். அச்சமின்றி இருத்தல், நம்புதல் என்பன அதன் அடிப்படைப் பொருள்கள். அம்ன் என்றால் பாதுகாப்பு. அமான் என்றால் அபயம்; போரில் தோற்றவன் உயிர்ப் பாதுகாப்பு வேண்டிக் கேட்பது இதனையே. அமானத் என்பது ஒருவரை நம்பி அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள். அமீன் என்பது நம்பத்தக்கவர் என்று பொருள்படும். கரீம், ரஹீம் என்ற பெயர்களும் இதே வார்ப்பில் அமைந்தவைதாம். காத்திப் என்ற வார்ப்பில் ஆமின் என்ற சொல் பிறந்தது. அச்சமற்றிருப்பவர் என்பது அதன் பொருள். அதன் பெண்பாலே ஆமினா. நபிகள் நாயகத்தின் அன்னையார் பெயர் அது. மக்தூப் என்ற வார்ப்பில் மஃமூன் என்பது வந்தது. நம்பப்பட்டவர் என்று அதற்குப் பொருள்.

ஈமான், மூமின் என்னும் சொற்களை முஸ்லிம் அன்பர்கள் நாள்தோறும் வழங்குவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இஸ்லாம் என்பதற்கு முஸ்லிம் எப்படியோ, அப்படியே ஈமான் என்பதற்கு மூமின். முன்னது நம்பிக்கை கொள்ளும் செயல். பின்னது அந்நம்பிக்கையைக் கொண்டவர். வார்ப்பு ஒன்றே, வேர்தான் வேறு. வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்துத் திரும்பிய நம் ஊரார் இன்னொரு சொல்லையும் அறிவார்கள். அங்கே காப்புறுதியைத் தஃமீன் என்கிறார்கள். பாதுகாப்பு உடையதாகச் செய்தல் என்று பொருள்படும் அச்சொல்லும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு உறவு கொண்டாடிவிடக் கூடாது. அமுலுக்கு வந்தது என்கிறோமே, அந்த அமுல் இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது செய்தல் என்னும் பொருளுடைய வேறொரு வேரிலிருந்து வந்தது. அரபியில் அதன் முதலெழுத்து, தொண்டையின் ஆழத்திலிருந்து எழும் 'ஐன்' என்னும் எழுத்து. தமிழில் அதற்குத் தனி வடிவம் இல்லாமையால் இரண்டையும் அகரத்தால் எழுதிவிடுகிறோம். மாமூல் என்ற சொல் அந்த அமுலுக்கு உடன்பிறப்பு. நீதிமன்றத்தில் கேட்கப்படும் ஜாமீன் என்பதும் பொருளால் நம்பிக்கைக்கு நெருங்கியதாயினும், பிணை நிற்றலைக் குறிக்கும் தனி அரபு வேரைச் சேர்ந்தது. ஜமீன் என்பதோ அரபே அன்று. நிலம் என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஒரு நெட்டெழுத்து வேறுபாட்டால் இரண்டு மொழிகளுக்கு இடையே தாவிவிடுகிறோம் பாருங்கள்!

இக்குடும்பத்துச் சொற்கள் புதுக்கோட்டை வட்டாரத்துக்கு எவ்வாறு வந்தன என்று ஆராய்ந்தால், இரண்டு வழிகள் புலனாகின்றன. ஒன்று கடல் வழி. மற்றொன்று கச்சேரி வழி.

கோட்டைப்பட்டினம், அம்மாப்பட்டினம், மீமிசல் முதலிய கடற்கரை ஊர்கள் இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் அடங்கியுள்ளன. 1974 ஜனவரி 14-ஆம் நாள் இம்மாவட்டம் அமைக்கப்பட்டது. தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் அரபு வணிகர்களின் தொடர்பும், அதனோடு இஸ்லாமும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டன. அவ்வழியே வந்த சொற்கள் வழிபாட்டையும் நல்லொழுக்கத்தையும் பற்றியவை. ஈமான், மூமின், ஆமீன் ஆகியவை அத்தகையவை. அமானத் என்பது தமிழ் முஸ்லிம்களின் நாவில் அமானிதம் என்று தமிழ் விகுதி பெற்று அழகாக உருமாறியது. வெளியூர் செல்பவர் தம் நகையையோ பணத்தையோ அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் சென்றால் அது அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் சேர்ப்பிக்குமாறு திருக்குர்ஆன் கட்டளையிடுகிறது. ஆதலால் அச்சொல்லில் கொடுத்தவரின் நம்பிக்கையும் பெற்றவரின் கடமையும் ஒருங்கே அடங்கியுள்ளன.

இதே வேரின் உறவுச் சொல் ஒன்று மற்றொரு சமயத்தின் வழியாகவும் இம்மாவட்டத்துக்கு வந்தது. அரபியும் எபிரேயமும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. எபிரேயத்திலும் இம்மூன்றெழுத்து வேர் உறுதியையும் நம்பிக்கையையும் குறிக்கிறது. அங்கிருந்து பிறந்ததே கிறிஸ்தவ வழிபாட்டின் இறுதியில் ஒலிக்கும் ஆமென். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர்த் தேவாலயத்தில் ஆமென் என்றும், திருமயம் வட்டத்துக் காட்டுபாவா பள்ளிவாசலில் ஆமீன் என்றும் ஒலிப்பவை ஒரே வேரின் இரு குரல்கள்.

இனிக் கச்சேரி வழியைக் காண்போம். மொகலாய ஆட்சியிலும், அதன் மரபைப் பின்பற்றிய ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும் பாரசீகமே அலுவலக மொழியாக விளங்கியது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னர்கள் 18-ஆம் நூற்றாண்டில் நடந்த கர்நாடகப் போர்களில் நவாபு முகம்மதலிக்கும் ஆங்கிலேயருக்கும் துணை நின்றவர்கள். அந்நூற்றாண்டில் வருவாய்த் துறைச் சொற்கள் தமிழ்நாடெங்கும் பரவின. வரி தண்டுவதை வசூல் என்றும், ஆண்டுக் கணக்குத் தணிக்கையை ஜமாபந்தி என்றும் நாம் கூறத் தொடங்கியது இவ்வாறே. அமீன் என்ற சொல்லும் வந்தது. மக்கா நகரத்தார் நபிகள் நாயகத்துக்கு அவருடைய இளமையிலேயே அன்புடன் சூட்டிய பட்டம் அல் அமீன் என்பது. அதே சொல் நம் நீதிமன்றங்களில் அமீனா என்று ஆகி, தீர்ப்பின்படி பொருள்களை ஜப்தி செய்ய வரும் ஊழியரைக் குறிக்கலாயிற்று. நம்பிக்கைக்கு உரியவர் என்ற பெயரைக் கேட்டாலே கடன்பட்டவர் நெஞ்சம் கலங்கும் நிலை வந்தது!

அமானியும் இவ்வழியில் வந்ததே. வருவாய் நிருவாகத்தில் அதற்கு எதிர்ச்சொல் இஜாரா, அதாவது குத்தகை. ஓர் ஊரின் வருவாயை ஒரு குத்தகைதாரரிடம் மொத்தத் தொகைக்கு விட்டுவிட்டால், அவர் தம் ஆதாயத்துக்காகக் குடிகளைப் பிழியக்கூடும். இடைத்தரகர் இன்றி, அரசே தன் அலுவலரை நம்பி நிலத்தின் நிருவாகத்தை ஒப்படைத்தால் அது அமானி. கொள்கையளவில் நல்ல ஏற்பாடுதான். பிற்காலத்தில் குத்தகைக்கு விடாமல் நாட்கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையை அமானி வேலை என்று வழங்கியதும் இக்கருத்தை ஒட்டியே ஆகும்.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அமானி நிலங்களின் விளைச்சலை அரசும் குடியானவரும் பங்கிட்டுக் கொண்டனர். 1878-ஆம் ஆண்டில் நிருவாகப் பொறுப்பை ஏற்ற அ. சேஷையா சாஸ்திரியார், இம்முறை நடைமுறையில் எவ்வாறு இருந்தது என்பதைப் படிப்படியாக விளக்கி எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, ஒரு சொல் தன் பொருளிலிருந்து எவ்வளவு தொலைவு விலகிவிடக்கூடும் என்று நான் வியப்படைந்தேன்.

அந்நிலங்களில் உழவருக்கு வழிவழியாக வரும் உரிமையோ, விற்கும் உரிமையோ இல்லை. ஆகவே தமக்கு உரிமையுள்ள வேறு நிலத்தை முதலில் உழுது, பருவம் தப்பிய பின்னரே அமானி நிலத்தில் கால் வைப்பார்கள். கதிர் தலைகாட்டியதும் காவலர்கள் வந்து இறங்குவார்கள். கங்காணி என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுள் பெரும்பாலோர் போர்க்காலம் முடிந்துபோனதால் இப்பணியில் இறக்கப்பட்ட பழைய படைவீரர்கள். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. தாம் காக்கும் விளைச்சலிலிருந்தே தானியம் பெறுவார்கள். பயிர் முற்றியதும் ஊர் அதிகாரிகள் வந்து விளைச்சலை மதிப்பிடுவார்கள். அம்மதிப்பு சரிதானா என்று பார்க்கத் தாலுகாவிலிருந்து வேறு மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். வருகின்றவர் ஒவ்வொருவரையும் குடியானவர் மனம் நிறையச் செய்தாக வேண்டும். அறுப்பதற்கு அனுமதி வேண்டும். அது வரும் வரையில் முற்றிய கதிர் வயலில் நின்று உதிரும். பின்னர்ப் போரடித்தல், அளத்தல், களஞ்சியத்தில் சேர்த்தல் என்ற ஒவ்வொரு படியிலும் காவல் உண்டு. ஒவ்வொரு படியிலும் கசிவும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

கங்காணி என்ற சொல்லை மீண்டும் நினைத்துப் பாருங்கள். கண்காணி என்னும் தூய தமிழ்ச் சொல்லின் திரிபு அது. கண்ணால் கண்டுகொண்டிருப்பவர் என்பது பொருள். நம்பிக்கை என்று பொருள்படும் அரபுச் சொல்லுக்குக் காவலாக, நம்பாமையைக் காட்டும் தமிழ்ச் சொல் ஒன்று வயல்வரப்பில் நின்றிருக்கிறது! குடியானவரை அரசு நம்பவில்லை. அதனால் காவல் வைத்தது. காவலரையும் நம்பவில்லை, அதனால் மதிப்பீட்டாளரை அனுப்பியது. முதல் மதிப்பீட்டாளரையும் நம்பாமல் இரண்டாமவரை அனுப்பியது. இத்தனைக்கும் ஆன செலவு இறுதியில் உழவரின் பங்கிலிருந்தே சென்றது. உழைத்து விளைவித்தவருக்கு அந்நிலத்தில் உரிமை இல்லாத வரையில், எத்தனைக் கண்கள் காவல் நின்றாலும் பயனில்லை என்பதைச் சாஸ்திரியார் உணர்ந்தார். அவருடைய நிருவாகத்தில் அமானி முறை ஒழிக்கப்பட்டு, பணமாகச் செலுத்தும் நிலையான வரி ஏற்பட்டது. எப்போது அறுப்பது, எப்போது அடிப்பது என்பதை இனிக் குடியானவரே முடிவு செய்யலாம் என்ற நிலை பிறந்தது. ஏர் பிடிப்பவர் கையில் நம்பி ஒப்படைத்த பிறகுதான் அச்சொல்லின் உட்பொருள் நிறைவேறிற்று. பொருள் நிறைவேறிய அப்போதோ சொல் வழக்கொழிந்தது!

சொல்லுக்கும் செயலுக்கும் இத்தகைய முரண் நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. பாக்தாதிலிருந்து ஆண்ட கலீபா ஹாரூன் அல் ரஷீதுக்குப் பின், அவர் மைந்தர் இருவரிடையே அரியணைக்காகப் போர் மூண்டது. ஒருவர் பட்டம் அல் அமீன், நம்பத்தக்கவர். மற்றவர் பட்டம் அல் மஃமூன், நம்பப்பட்டவர். ஒரே வேரிலிருந்து பட்டம் பெற்ற அவ்விருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. 813-ஆம் ஆண்டில் முன்னவர் கொல்லப்பட, பின்னவர் அரியணை ஏறினார்.

ஆகவே, மாணவ நண்பர்களே, பழைய ஆவணம் ஒன்றில் பிறமொழிச் சொல்லைக் காணும்போது அகராதியில் பொருள் கண்டதும் நின்றுவிடாதீர்கள். வேர் எதுவென்று கேளுங்கள். அது வந்த வழியைத் தேடுங்கள். அதற்குமேல், அச்சொல்லின் கீழ் வாழ்ந்த மக்கள் அதனால் என்ன பெற்றார்கள், என்ன இழந்தார்கள் என்பதையும் விசாரியுங்கள். சமஸ்தானம் 1948 மார்ச் 3-ஆம் நாள் இந்திய யூனியனோடு இணைக்கப்பட்டுத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. அமானிக் களஞ்சியங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே மறைந்துவிட்டன. ஆனால் அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று சொல்லி, அதை உரியவரிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறது. கச்சேரியில் வாடிப்போன அவ்வேர், மக்கள் வாழ்வில் தழைத்து நிற்கிறது.