ரின்னில் அடைத்த சிந்தனை

கோப்பை கழுவி முடித்து, இரவு பஸ்ஸிற்காக நிற்கும்போது தேர்தல் சுவரொட்டிகளை வாசிக்கிறோம். நமக்கு இங்கே வாக்கில்லை. ஆனாலும் அந்த வாக்கியங்கள் நம்மை விடுவதில்லை.

1931 ஒக்ரோபர். பொருளாதார நெருக்கடியின் நடுவே பிரித்தானியாவில் பொதுத்தேர்தல். தொழிற்கட்சி வென்றால் ஏழைகளின் தபாலகச் சேமிப்பு ஆபத்தில் என்று மேடைகளிற் சொல்லப்பட்டது. ஓகஸ்ற் வரை அக்கட்சியின் நிதியமைச்சராக இருந்த பிலிப் ஸ்னோடனே, அதன் திட்டத்தை வெறிபிடித்த போல்ஷெவிசம் என வானொலியிற் சாடினார். தேசிய அரசாங்கம் 554 ஆசனங்களை வென்றது. தொழிற்கட்சி 52 ஆகச் சுருங்கியது. பயம் மட்டுமே காரணமல்ல. ஆயினும் பயத்திற்கும் அதில் பங்குண்டு.

இத்தகைய பேச்சுக்கள் ஒலித்த காலத்தில் லண்டனில் தர்க்கவியல் கற்பித்தவர் சூசன் ஸ்ரெபிங் (1885–1943). 1933இல் பெட்போர்ட் கல்லூரியில் பேராசிரியரானார். பிரித்தானியாவில் மெய்யியற் பேராசிரியரான முதற் பெண் அவரே. 1939இல், யுத்தம் தொடங்கிய ஆண்டில், சாதாரண வாசகருக்கென ஆறு பென்ஸ் விலையில் பெலிக்கன் நூலொன்றை எழுதினார். பிரதமராயிருந்த ஸ்ரான்லி போல்ட்வினின் பேச்சுக்களையும் அதிற் பிரித்துப் பார்த்தார். ஆங்கிலேயர் தர்க்கத்தைப் பின்பற்றாததாலேயே தப்பிப் பிழைத்தனர் என்று பெருமைப்பட்டவர் போல்ட்வின்.

பதனிட்டு அடைத்த இறைச்சியைப்போல அடைத்த சிந்தனையும் உண்டு என்றார் ஸ்ரெபிங். கைக்கு இலகு, அவசரத்திற்கு உதவும், சத்துத்தான் போய்விடும். சமையலறையில் நிற்கும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. களைத்து வந்தவன் ரின்னைத்தான் உடைப்பான். களைத்த சனத்திடந்தான் சுலோகமும் விலைபோகிறது.

உணர்ச்சியே கூடாதென்று அவர் சொல்லவில்லை. ஆத்திரம் நம்மைச் சிந்திக்கத் தூண்டலாம். சான்றின் இடத்தில் அது குந்தக்கூடாது என்பதே அவர் வாதம். பொறுப்பைப் பேச்சாளரிடம் மட்டும் அவர் விடவுமில்லை. கேட்பவருக்கும் அதில் பாதி உண்டு.

இங்கேதான் நமக்குக் குத்துகிறது. 'துரோகி' என்பதும் ரின்னில் அடைத்த சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ஒருவன் என்ன கேட்டான் என்பதை யாரும் விசாரிக்கவில்லை. அவனுக்குப் பதில் சொல்லவேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. சொன்னவர்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். கூட்டத்தில் நின்று கைதட்டிய நம்மைப் பற்றி இனித்தான் பேசவேண்டும்.