நேரமண்டலச் சூழல் மாறி

கணினித் திரையில் எந்த ஊர் மணி தெரிய வேண்டும் என்று செயலிகளுக்குச் சொல்வது நேரமண்டலச் சூழல் மாறி. லினக்ஸ், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் இதன் பெயர் டி.இசட். இதை மாற்றினாலும் கணினியின் கடிகாரம் அசையாது. அது 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளை யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எண்ணிக்கொண்டே போகும். மாறுவது காட்டும் மணி மட்டுமே.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இதன் தேவை அதிகம். வல்லம் வடகால் சிப்காட் பூங்காவில் ராயல் என்ஃபீல்டு ஆலை 2017இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் தொழில்நுட்ப மையம் ஒன்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷையரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே நேர வித்தியாசம் குளிர்காலத்தில் ஐந்தரை மணி, கோடையில் நாலரை மணி. ஐரோப்பா/லண்டன் என்று வட்டாரப் பெயரைக் கொடுத்தால் இந்த மாற்றத்தைக் கணினியே பார்த்துக்கொள்ளும்.

இந்தியாவுக்கான பெயர் ஆசியா/கொல்கத்தா. ஆசியா/சென்னை என்று ஒன்று கிடையாது. லினக்ஸில் அப்படி எழுதினால் பிழைச்செய்தி வராது. கணினி சத்தமில்லாமல் யூடிசிக்குப் போய்விடும். இந்திய நேரத்தின் சுருக்கமான ஐ.எஸ்.டி என்று வெறுமனே எழுதுவது இன்னும் மோசம்: திரையில் ஐ.எஸ்.டி என்றே இருக்கும், மணியோ ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நைட் ஷிப்டில் நள்ளிரவு முதல் காலை 5.30 வரையிலான பதிவுகள் அனைத்தும் முந்தைய தேதியில் போய் உட்காரும்.

எண்ணாகக் குறிப்பிட்டால் ஐ.எஸ்.டி-5:30 என்று கழித்தல் குறி போட வேண்டும். உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் யூடிசி வரும் என்பதே இங்கே கணக்கு. கூட்டல் குறி போட்டால் காலை 6 மணி, முந்தைய நாள் இரவு 7 மணியாகத் தெரியும். வேண்டாத தலைவலி; பெயரையே எழுதுவது நல்லது.

பெயர் கொல்கத்தா என்றாலும் உள்ளே சென்னையின் வரலாறும் இருக்கிறது. 1870 முதல் 1905 முடியும் வரையிலான தேதிகளுக்கு, அந்தப் பெயருக்குரிய நேரமண்டலக் கோப்பு தருவது மதராஸ் நேரம்: யூடிசியைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மட்டும் இது ஆறரை ஆனது. 1945 அக்டோபர் 15க்குப் பிறகு மாற்றமே இல்லை. இலங்கை 1996இல் இருமுறை நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. பழைய கொழும்புக் கணக்குகளுக்கு ஆசியா/கொழும்புதான் வேண்டும்.

மாறியை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். லினக்ஸில் ஒரு கட்டளைக்கு முன்னால் எழுதினால் அது அந்தக் கட்டளைக்கு மட்டும் செல்லும். ஷெல் அமைப்புக் கோப்பில் எழுதினால் அந்தப் பயனருக்கு. பின்னணியில் தானாக ஓடும் நிரல்கள் அந்தக் கோப்பைப் படிப்பதில்லை. அவற்றுக்கு டைம்டேட்சிடிஎல் கட்டளையால் கணினி முழுமைக்கும் மண்டலத்தை அமைக்க வேண்டும்.

விண்டோஸ் தன் அமைப்புகளில் இந்திய நேரத்தைச் சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டெல்லி என்று பட்டியலிடுகிறது. ஆனால் மைக்ரோசாப்டின் சி நூலகம் டி.இசட் மாறியில் மூன்றெழுத்துப் பெயரையும் எண்ணையும் மட்டுமே எதிர்பார்க்கும். அங்கே ஆசியா/கொல்கத்தா செல்லாது.